நல்ல மேய்ப்பரைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது: மனப்பாடமா, பஞ்சு ஆடா, மர ஆடா, தோட்டத்துப் பாட்டியா?

“டீச்சர், நாலு ஞாயிறு குடுத்திருக்காங்க. நல்ல மேய்ப்பர் பாடம். சங்கீதம் 23 மனப்பாடம் பண்ண வைக்கவா, இல்ல கைவேலை ஏதாச்சும் செய்ய வைக்கவா?”

இயேசுவை ஆடுகளைக் காக்கும் நல்ல மேய்ப்பராகச் சொல்லிக்கொடுக்கும் பாடம் பற்றிய இந்தக் கேள்வி எனக்கு வருஷா வருஷம் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஞாயிறு பள்ளிக்குப் புதிதாக வந்த இளம் ஆசிரியர்கள். கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துச் சபைகளிலிருந்து கேட்கிறார்கள். பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தின் 4ஆம் ஞாயிறு, அதாவது நல்லாயன் ஞாயிறு, நெருங்கும்போது மறைக்கல்வி எடுக்கும் கத்தோலிக்கத் தோழிகளும் கேட்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் பாதி பாதி சொல்லி முடிக்காமல் விட்டதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். இதில் வரும் எல்லா வழியையும் நானே வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் ஒரு பிள்ளையை அழ வைத்தும் இருக்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

எனக்கு முதல் அளவுகோல் ஒன்றுதான்: வகுப்பு முடிந்து போகும் பிள்ளைக்குக் கடவுளை நினைத்தால் மனசு லேசாகிறதா, சுருங்குகிறதா? நம் வீடுகளில் “சாமி கண்ணைக் குத்திடும்” என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை அடக்குகிறோம். கிறிஸ்தவ வீடுகளில் சாமிக்குப் பதில் இயேசப்பா, அவ்வளவுதான் வித்தியாசம். ஆறு வயதுக்குள் கடவுள் என்றால் கண்காணிக்கிறவர் என்று பதிந்துவிட்டால், அதை மாற்ற ரொம்ப நாளாகும். தேடி வருகிற மேய்ப்பர் என்ற படம் அதற்கு நேர் மருந்து. அதையே பயமுறுத்தும் பாடமாக மாற்றிவிடும் வழி எதுவானாலும், மற்றபடி எவ்வளவு நன்றாக இருந்தாலும், எனக்கு வேண்டாம்.

இரண்டாவது, மொழி. என் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்ப்பள்ளி, பாதிப் பேர் மலாய் வழியில் படிக்கும் தேசியப் பள்ளி. தேசியப் பள்ளிப் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், கேட்பார்கள்; படிக்க வராது. மூன்றாவது, நேரமும் ஆளும். பிரசங்க நேரத்தில் கிடைக்கும் 40 நிமிடம், ஒரு ஆசிரியர், 4 வயதிலிருந்து 12 வயது வரை கலந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். நான்காவது, வீட்டுக்குப் போன பிறகு என்ன மிஞ்சுகிறது. ராத்திரி மின்சாரம் போனால், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தால், அந்தப் பிள்ளையிடம் என்ன இருக்கும்?

பணத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை, பண்ணைப் பயணத்தைத் தவிர.

எந்த வழியை எடுத்தாலும் முதல் நாளே சில சொற்களைத் தெளிவாக்கிவிடுங்கள். “ஆடு” என்றால் கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு ஞாபகம் வருவது தீபாவளி ஆட்டிறைச்சியும், ஹஜ்ஜுப் பெருநாளில் பள்ளிவாசல் பக்கத்தில் கட்டியிருக்கும் வெள்ளாடும்தான். வேதத்தில் பெரும்பாலும் வருவது செம்மறி. மலாயில் இதற்கு இரண்டு தனிச் சொல் இருக்கிறது: வெள்ளாடு கம்பிங், செம்மறி பிரி-பிரி. அதைச் சொன்னால் தேசியப் பள்ளிப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். “மேய்ப்பர்னா யாரு?” என்று முழித்த ஒரு பையன், “கெம்பாலா” என்றதும் “ஓ, அதுவா!” என்றான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. ஆயர் என்றால் அவர்கள் பார்த்திருப்பது உயரமான தொப்பி போட்ட மேற்றிராணியாரை. ஆடு மேய்க்கிறவருக்கும் அதே பெயர்தான், அதனால்தான் அவர் கையிலும் கோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் குழப்பமே பாடமாகிவிடும்.

மனப்பாடம்: சங்கீதம் 23

ஆறே வசனம், செலவு இல்லை. வீட்டில் பாட்டிக்கும் தெரியும், போதகருக்கும் தெரியும். நோய்ப் படுக்கையிலும் அடக்க ஆராதனையிலும் சபையே சேர்ந்து சொல்வது. நான்காவது அளவுகோலில் இதை எதுவும் மிஞ்சாது. பத்து வயதில் மனதில் ஏறியது எழுபது வயதில் தானாக வாயில் வரும்.

இதன் மறைவான செலவு பரிசு. ஒப்பிக்கிறவருக்குப் பென்சில் பெட்டி, ஒப்பிக்காதவருக்கு “அடுத்த வாரம் படிச்சிட்டு வா.” தமிழ் எழுத்து தெரியாத பிள்ளை ஒவ்வொரு வாரமும் தலை குனிகிறது. தேடி வரும் மேய்ப்பரைப் பற்றிய சங்கீதமே அந்தப் பிள்ளைக்குத் தான் பின்தங்கிப்போன இடமாக ஆகிவிடுகிறது. பரிசு வேண்டாம், எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும் என்பது என் முடிவு.

சொற்களும் கடினம். “தாழ்ச்சியடையேன்” என்றால் என்ன என்று கேட்டேன். “கீழ விழமாட்டேன்” என்றான் ஒருவன். அழகான பதில்தான், ஆனால் பொருள் அதுவல்ல. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இதே இடம் “எனக்கேதும் குறையில்லை” என்று இருக்கிறது. உங்கள் சபை பழைய மொழிபெயர்ப்பையே வாசித்தாலும் விளக்கத்துக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 4ஆம் வசனம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். “உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்” என்று நான் வாசித்தபோது முன்வரிசையில் இருந்த ஆறு வயதுப் பிள்ளை இரண்டு உள்ளங்கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். “ரோத்தானா டீச்சர்?” என்று கேட்டாள். நம் வீடுகளில் ஐஸ்பெட்டி மேல் கிடக்கும் அந்த மெல்லிய பிரம்பைத் தவிர வேறு தடியை அவள் பார்த்ததில்லை. தேற்றும் என்ற சொல்லும் அவளுக்குத் தெரியாது. ஆகவே அவள் காதில் விழுந்தது இப்படித்தான்: கடவுள் கையில் ரோத்தான் இருக்கிறது.

அன்று வாசலில் இருந்த நீளக் குடையை எடுத்து வந்தேன், வளைந்த கைப்பிடி உள்ள குடை. மேஜைக்கு அடியில் ஒரு பொம்மையைத் தள்ளிவிட்டு, கைப்பிடியின் வளைவால் மெதுவாக இழுத்து எடுத்தேன். பள்ளத்தில் விழுந்த குட்டியைத் தூக்க இந்த வளைவு. பிறகு குடையைத் திருப்பிப் பிடித்து, ஓநாய் வருகிற பக்கமாக ஓங்கினேன். தாவீது சவுலிடம் சொன்னதைச் சொன்னேன்: ஒரு சிங்கமும் ஒரு கரடியும் வந்து ஆட்டுக்குட்டியைக் கவ்வியபோது பின்னாலேயே ஓடிப்போய் அடித்து அதன் வாயிலிருந்து குட்டியைப் பிடுங்கினேன் என்று 1 சாமுவேல் 17இல் சொல்கிறார். தடி ஆட்டுக்கு இல்லை, ஆட்டைத் தின்ன வருவதற்கு. அவள் கையை முன்னால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இதோடு சேர்த்து ஒன்று. ஓடிப்போகும் ஆட்டின் காலை மேய்ப்பன் உடைத்து, ஆறும்வரை தோளில் சுமப்பான் என்று ஒரு கதை பிரசங்கங்களில் உலவுகிறது. வேதத்தில் எங்கேயும் அப்படி இல்லை. லூக்கா 15இல் மேய்ப்பன் ஆட்டைக் கண்டதும் சந்தோஷத்தோடு தோளில் போட்டுக்கொள்கிறான், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. தயவுசெய்து அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களோடு இந்தச் சங்கீதத்தில் இன்னும் ஆழமாகப் போகலாம். முதல் மூன்று வசனமும் “அவர், அவர்” என்று போகும். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்த இடத்தில் “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று திரும்பிவிடும். இருட்டுக்குள் நுழைந்ததும் கடவுளைப் பற்றிப் பேசுவது நின்று கடவுளோடு பேசுவது தொடங்குகிறது. இரண்டு நிற மையால் அடிக்கோடு போடச் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இது நல்ல தேர்வாவது: ஒன்பது வயதுக்கு மேல், தமிழ் வாசிக்கிற பிள்ளைகள், வீட்டில் கூடச் சொல்லத் தாத்தா பாட்டி இருக்கிறவர்கள். முதல் வாரத்திலேயே ஆரம்பிக்க மட்டும் வேண்டாம்.

பஞ்சு ஆடு

அட்டை, பஞ்சு, பசை. ஒரு பிள்ளைக்கு ஒன்றிரண்டு ரிங்கிட். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெற்றோருக்கு வகுப்பில் ஏதோ நடந்த திருப்தி. ஆனால் 40 நிமிடத்தில் 30 நிமிடம் பசைக்கும் கை கழுவலுக்கும் போய்விடும், கதைக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். அந்த அட்டை திரும்பும் வழியில் காரிலேயே கிடக்கும்.

இதைக் காப்பாற்ற ஒரே வழி எனக்குத் தெரியும். ஆடுகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். சுவரில் பெரிய அட்டையில் ஒரு பட்டி வரைந்து, ஒவ்வொரு ஆட்டிலும் பிள்ளையின் பெயர் எழுதி ஒட்டுங்கள். வராத பிள்ளைக்கும் ஒரு ஆடு உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் பெயர் சொல்லி எண்ணுங்கள். இரண்டு வாரம் ஒரு ஆட்டுக்குச் சொந்தக்காரர் வரவில்லை என்றால், பிள்ளைகள் முன்னாலேயே அந்த வீட்டுக்குப் போன் போடுங்கள்.

காணொளி

ஆசிரியர் வராத ஞாயிறுக்கு. தமிழில் குரல் நன்றாக இருக்கும் ஒன்றை முன்கூட்டியே நீங்கள் முழுதாகப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மர ஆடுகளை வைத்துக் கதை

1954இல் ரோமில் சோஃபியா கவல்லெட்டி என்ற வேத அறிஞரும், ஜியான்னா கோபி என்ற மொண்டிசோரி ஆசிரியையும் சேர்ந்து சிறு பிள்ளைகளுக்காக ஒரு மறைக்கல்வி முறையைத் தொடங்கினார்கள். அதன் பெயரே நல்ல மேய்ப்பர் மறைக்கல்வி. ஒரு சின்னப் பட்டி, சில ஆடுகள், ஒரு மேய்ப்பர், எல்லாம் மரத்தில். ஆசிரியர் தாழ்ந்த குரலில் யோவான் 10ஐச் சொல்லிக்கொண்டே உருவங்களை நகர்த்துவார். மேய்ப்பர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், ஆடுகள் அவர் குரலைத் தெரிந்து பின்னால் போகின்றன. பிறகு உருவங்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும்.

இதில் கற்க வேண்டியது ஒரு கட்டுப்பாடு: “நீதான் அந்த ஆடு” என்று ஆசிரியர் சொல்லக் கூடாது. எனக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. விளக்கிச் சொல்லாவிட்டால் பாடம் நடத்தின மாதிரியே இருக்காது நமக்கு. “இந்த ஆடுகளுக்கு என்ன பேர் இருக்கும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் மூன்றாவது வாரம், அதிகம் பேசாத ஐந்து வயதுப் பெண் ஒரு ஆட்டுக்குத் தன் பெயரையும் அதன் பக்கத்து ஆட்டுக்குத் தன் தம்பி பெயரையும் வைத்தாள். தம்பி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, இன்னும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தான். அவள் அந்தச் சின்ன ஆட்டை எடுத்து மேய்ப்பரின் காலடியில் ஒட்டி வைத்துவிட்டு வேறு விளையாடப் போய்விட்டாள்.

கவல்லெட்டி கவனித்த இன்னொன்றும் எனக்கு உதவியது. ஆறு வயதுக்குள் உள்ளவர்களை ஈர்ப்பது காக்கிற, பெயர் தெரிந்த மேய்ப்பர். மன்னிப்பு, தொலைந்து கண்டெடுக்கப்படுவது, இவையெல்லாம் அதற்கு மேல் வயதானவர்களுக்குத்தான் பேசுகின்றன. ஆகவே நான்கு வயதுப் பிள்ளையிடம் “நீ தொலைஞ்சு போயிட்ட” என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை.

மறைவான செலவு அமைதி. பக்கத்து அறையில் கீபோர்டு ஒத்திகை நடந்தால் இது நடக்காது. ஒரே ஆசிரியரும் 20 பிள்ளைகளும் என்றாலும் நடக்காது, எட்டுப் பேருக்கு மேல் கை எட்டாது. உருவங்களுக்குக் கவலைப்பட வேண்டாம். தச்சு வேலை தெரிந்த ஒரு தாத்தா சபையில் இருப்பார். இல்லாவிட்டால் தடிமனான அட்டையில் வெட்டி மரக்கட்டையில் ஒட்டினால் பத்து ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும்.

ஒளித்து வைத்துத் தேடுவது

தொலைந்த ஆட்டை நடித்துக் காட்டுவது. ஓடியாட இடம் இருந்தால் எட்டு ஒன்பது வயதுப் பையன்களுக்கு இதைவிட நல்லது இல்லை. நான் செய்த தவறு இங்கேதான். ஒரு பையனை உடை மாற்றும் அறைத் திரைக்குப் பின்னால் ஒளியச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் முதலில் ஒரு பாட்டு பாடட்டும் என்றேன். பாட்டு நீண்டுவிட்டது. திரையை விலக்கியபோது அவன் அழுதுகொண்டிருந்தான். “யாருமே வரல” என்றான். தேடி வரும் மேய்ப்பரைச் சொல்லப் போய் நேர் எதிரானதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அதிலிருந்து பிள்ளையை ஒளித்து வைப்பதில்லை, பொம்மை ஆட்டைத்தான். தேடுகிற வேலை பிள்ளைகளுக்கு. கிடைத்ததும் லூக்கா 15இல் உள்ளபடி அண்டை அயலாரைக் கூப்பிட்டுக் கொண்டாட வேண்டும், ஆகவே ஒரு டப்பா முறுக்கோ பிஸ்கட்டோ தயாராக இருக்கட்டும். கொண்டாட்டத்தை நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். அந்த உவமையே அங்கேதான் போய் முடிகிறது.

பண்ணையும் தோட்டத்துப் பாட்டியும்

நிஜ ஆட்டைக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. குளுவாங் யூகே பண்ணைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். பினாங்கில் இருப்பவர்களுக்கு பாலிக் புலாவ் பக்கமே ஆட்டுப் பண்ணை இருக்கிறது. பஸ் வாடகை, நுழைவுச் சீட்டு, சாப்பாடு, கூட வரும் பெரியவர்கள் என்று செலவு ஏறும். பெற்றோரின் எழுத்து அனுமதி கட்டாயம். கூட வருகிறேன் என்று நிற்கும் பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் தீர்மானிப்பார்கள் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 12(4) சொல்கிறது. பெற்றோரிடம் இது சபைப் பாடம் என்று வெளிப்படையாகச் சொல்லி, அவர்கள் சரி என்றால் மட்டும் கூட்டிப் போங்கள். இவ்வளவும் செய்த பிறகு, பிள்ளைகள் அங்கே தீவனம் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். மேய்ப்பரை மட்டும் பார்க்க முடியாது. ஏனென்றால் அங்கே ஆட்டை யாரும் மேய்த்துக்கொண்டு போவதில்லை.

மேய்த்தவர் உங்கள் சபையிலேயே இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் விற்கப்பட்டதும் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த பாட்டிமார் எத்தனை பேர்! பால் மரம் வெட்டிவிட்டு, அதாவது ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்து, பின்னேரம் ஆடு மேய்த்தவர்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே 1980களில் மரங்களுக்கு இடையில் களையை மேயச் செம்மறி வளர்ப்பதை ஊக்குவித்தது. இந்த மண்ணிலும் செம்மறி இருந்தது, இருக்கிறது. மலேசிய நாட்டுச் செம்மறிக்கு மலின் என்றே பெயர்.

எங்கள் சபைப் பாட்டி ஒருவரை வகுப்புக்கு அழைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, “எங்கிட்ட பதினோரு ஆடு” என்று ஆரம்பித்தார். கருப்பி, செவலை, மொட்டைக்காது என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து ஒன்பதாவதில் தடுமாறி, கண்ணை மூடி யோசித்து, “ஆங், வெள்ளச்சி!” என்றார். அவர் தோட்டத்தை விட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்புறம் நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் கொடுத்தார். “இந்தச் சத்தத்த எம் புருஷன் போட்டா ஒண்ணும் வராது. நான் போட்டாத்தான் வரும்.” யோவான் 10இல் அந்நியனுடைய சத்தத்துக்கு ஆடுகள் பின்செல்லாது என்பதை நான் எத்தனையோ முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் அன்றுதான் அதைக் கேட்டார்கள்.

ஒரு நாள் அந்தியில் எண்ணும்போது ஒன்று குறைந்தது. மழை. டார்ச் எடுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே போய், வாய்க்காலில் சிக்கியிருந்த குட்டியை எடுத்துச் சேலை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தார். “மத்த பத்து ஆட்ட யாரு பாத்துக்கிட்டா?” என்று ஒருவன் கேட்டான். “கொட்டாய்ல அடைச்சிட்டுத்தானே போனேன்” என்றார் பாட்டி. லூக்கா 15இல் மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதை வனாந்தரத்திலேயே விட்டுவிட்டுப் போகிறான் என்று நான் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்படின்னா அந்த ஒண்ணு மேல அவருக்கு எவ்வளவு உசுரு இருந்திருக்கணும்” என்றார்.

செலவு, அவரை அழைத்து வர ஒரு கார். மறைவான செலவு, பாட்டி வேறு கதைக்குப் போய்விடலாம். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இன்னொன்று, காலம். இப்படிப்பட்டவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஒரே பார்வையில்

| வழி | வயது | என் செலவு | எதற்குக் கவனம் |
|---|---|---|---|
| மனப்பாடம் | 9க்கு மேல் | இல்லை | பரிசு, தடி |
| பஞ்சு ஆடு | எல்லோரும் | தலைக்கு 1–2 ரிங்கிட் | நேரத்தைத் தின்னும் |
| மர ஆடு | 3–6 | 10 ரிங்கிட்டுக்குள் | அமைதி, 8 பேருக்கு மேல் வேண்டாம் |
| ஒளித்துத் தேடுவது | 7–9 | ஒரு டப்பா முறுக்கு | பிள்ளையை ஒளிக்காதீர்கள் |
| பண்ணை | 7க்கு மேல் | பஸ், நுழைவுச் சீட்டு | அனுமதி. மேய்ப்பர் இருக்க மாட்டார் |
| தோட்டத்துப் பாட்டி | எல்லோரும் | ஒரு கார் | கூட உட்கார ஆள் |

உங்கள் வகுப்புக்கு எது

நான்கு ஞாயிறு இருந்தால் நான் இப்படிப் போவேன்: முதல் வாரம் மர ஆடு, இரண்டாவது பாட்டி, மூன்றாவது தேடும் விளையாட்டு, கடைசியில் சங்கீதம் 23. அதற்குள் பச்சைப் புல்லும் பள்ளத்தாக்கும் தடியும் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களாகியிருக்கும், மனப்பாடம் பாதி முடிந்த மாதிரி. சுவர்ப் பட்டி நான்கு வாரமும் இருக்கட்டும்.

நாற்பது பிள்ளைகள், ஒரே ஹால், ஒரே ஆசிரியர் என்றால் மர ஆட்டை மறந்துவிட்டு விளையாட்டையும் பாட்டியையும் எடுங்கள். அப்பாவால் அடிபட்ட, அல்லது அப்பா விட்டுப் போன பிள்ளை வகுப்பில் இருந்தால், அதற்கு “கடவுள் உன் அப்பா” என்பதைவிட மேய்ப்பர் என்பது எளிதாக உள்ளே போகும். அங்கே மர ஆட்டையே எடுங்கள், அவசரப்படாமல், அந்தப் பிள்ளை எந்த ஆட்டை எங்கே வைக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ஒரே ஒரு ஞாயிறுதான் கிடைத்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், பாட்டிதான். புதன்கிழமைக்குள் அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், ஆடுகளின் பெயரை ஞாபகப்படுத்திக்கொள்ள அவருக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும்.